சேறு படாத டேப்

"ஜாக்கியைப் போடுய்யா, பேச்சு அப்புறம்!"

ராபர்ட்டா குவில்லன் போட்ட அதட்டலில் போலீஸ் பிடித்த வண்டிகள் நிற்கும் யார்டில் படுத்திருந்த நாய் எழுந்து, வேறு இடம் பார்த்துப் படுத்துக்கொண்டது. அவளுடைய உதவியாளன் ஓட்டிஸ் மட்டும் அசரவில்லை. காலமெல்லாம் இழுவை வண்டி ஓட்டியவன். நடுரோட்டில் வண்டி நின்றுபோனவர்களின் வசவை வாங்கி வாங்கி அவன் காது மரத்துப்போயிருந்தது.

"போடறேன் அம்மணி. கோவத்தை ஜாக்கி மேல காட்டாதீங்க, அது இரவல்."

கோபம் வராமல் என்ன செய்யும்? பெல்ஃபோர்ட் ஊருக்கு மேலே கிராடக் கணவாய். போன வாரம் அதில் இறங்கிவந்த ஹார்லன் ப்ரூவெட்டின் டிரக், பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் வீட்டோடு, கடைசி வளைவில் நிற்காமல் பாய்ந்தது. ரோடு வேலைக்காகக் கையில் பலகையோடு நின்ற டெஸ்ஸா என்ற பெண்ணை அடித்துத் தூக்கிவிட்டு வாய்க்காலில் போய் விழுந்தது. டெஸ்ஸா அங்கேயே முடிந்துபோனாள். ஹார்லனுக்கும் அவர் மனைவி மேவிஸுக்கும் சிராய்ப்புதான். "நான்தான் ஓட்டினேன், டிரெய்லர் பிரேக் பிடிக்கவே இல்லை" என்றார் ஹார்லன். ஷெரிஃபின் டெபுடி ஸ்டாம்பர் குனிந்து பார்த்தான். பிரேக்குக்குப் போகும் நீல ஒயர் பிரிந்து, கறுப்பு டேப்போடு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒயரையும் பிரேக் ஷூக்களையும் விபத்துக்கு முந்தின நாள்தான் நடீன் கோஸ்டெலிக் மாற்றிக் கொடுத்திருந்தாள். வேனில் சாமான்களைப் போட்டுக்கொண்டு டிரெய்லர் வீடுகள் நிற்கும் பார்க் பார்க்காகப் போய் ரிப்பேர் பார்ப்பவள். ஆளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அலட்சியத்தால் உயிரைப் பறித்த குற்றம். இன்று மதியம் ஜட்ஜ் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். ராபர்ட்டா குடியிருப்பதும் டிரெய்லரில்தான். நடீன் கைவைத்த பிரேக்கை நம்பித்தான் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அவள் மலை இறங்குகிறாள். விபத்து வண்டிகளை ஆராய்வது தொழில் என்பதால், நடீனுக்காகத் தானே பார்க்க வந்திருந்தாள்.

ஸ்டாம்பர் தன் காரில் சாய்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான். காவலுக்கு வந்திருக்கிறானாம்.

"பாத்துட்டு சீக்கிரம் கெளம்புங்க மேடம். நான் கோர்ட்டுக்குப் போகணும்."

"ஒரு பொண்ணை ஜெயில்ல தள்ளறதுன்னா அவசரம். ஒரு வண்டியைப் பாக்கறதுன்னா சோம்பலா தம்பி?"

ஓட்டிஸ் டிரெய்லரைச் சுற்றி வந்தான். வந்தவன் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தான். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

"யோவ், ஒரு வாரமா நிக்கிற வண்டியில சூடு பாக்கற?"

"பழக்கம் அம்மணி. டிரெய்லர்க்காரன் செத்து சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல எறங்கி வீலைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள போவான்."

பிறகு டிரக்கின் டிரைவர் சீட்டில் ஏறப் போனான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து, தலை கூரையில் முட்டி, பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டான்.

"அய்யோ, பிடிச்சு இழுங்க! இதுல மனுஷன் உக்காருவானா, கோழிதான் உக்காரும்."

"உன் தொப்பைக்கு எந்த சீட்டும் பத்தாது. எறங்கு. இங்க வந்து இதைப் பாரு."

ராபர்ட்டா டிரெய்லரின் முன்பக்கம் மண்டியிட்டிருந்தாள். வண்டி மூக்கைக் குத்தி விழுந்த வாய்க்கால் முழுக்கச் செம்மண் சேறு. இரும்புச் சட்டம், சங்கிலி, ஒயர் கட்டு எல்லாம் ஒரே சிவப்பாகக் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. நடுவில் அந்தக் கறுப்பு டேப் மட்டும் கடையில் வாங்கிய பளபளப்போடு இருந்தது.

அவள் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினாள். உள்பக்கத்தில் செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஸ்டாம்பர்! இங்க வா. டேப்புக்கு மேல சேறு இல்ல. டேப்புக்குக் கீழ சேறு இருக்கு. சேறு எப்ப பட்டுது?"

"வாய்க்கால்ல விழுந்தப்போ."

"அப்போ டேப் எப்ப சுத்தினது?"

ஸ்டாம்பர் விதையை மெல்வதை நிறுத்தினான். "மழையில கழுவிப் போயிருக்கும்."

"அந்த மழை டேப்பை மட்டும் பாத்துப் பாத்துக் கழுவுச்சாக்கும்" என்றான் ஓட்டிஸ். "நல்ல மழை. எங்க வீட்டுக்கும் அனுப்பி வைங்க, பாத்திரம் கெடக்கு."

"இன்னொண்ணு கேளு" என்றாள் ராபர்ட்டா. "நடீன் ஒயரை ஜாயின்ட் பண்ணா செம்புக் குழாய்ல சொருகி நசுக்கி, மேல சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கிற டியூப் போடுவா. இதே ஒயர்ல பின்னாடி பாரு, அவ போட்ட ஜாயின்ட் ஒண்ணு விடாம அப்படித்தான் இருக்கு. இந்த ஒரு எடத்துல மட்டும் விரலால முறுக்கி டேப் சுத்துவாளா? யாரோ அவ மேல பழியைப் போட, அவ வேலை மாதிரி ஜோடிச்சிருக்காங்க. ஜோடிக்கவும் தெரியல."

"அது உங்க யூகம் மேடம். பிரேக் பிடிக்கலங்கறது வாக்குமூலம்."

அந்த வார்த்தைதான் அவளை எழுப்பிவிட்டது. ஓட்டிஸை விலக்கிவிட்டுத் தானே சக்கரத்தைக் கழற்றினாள். டிரம்மைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்து, ஸ்டாம்பரின் காலடியில் போட்டாள். அது உருண்டு அவன் பூட்ஸில் முட்டி நின்றது.

"இதை மொதல் நாளே நீ பாத்திருக்கணும். டிரெய்லர் பிரேக் எப்படி வேலை செய்யும் சொல்லு."

"டிரக்ல பிரேக்கை மிதிச்சா நீல ஒயர்ல கரன்ட் வரும். சக்கரத்துக்குள்ள காந்தம் டிரம்மைப் போய்ப் பிடிக்கும். ஷூ விரிஞ்சு டிரம்மை அழுத்தும்."

"ஒயர் அறுந்திருந்தா?"

"காந்தம் செத்துப்போகும். ஷூ டிரம்மைத் தொடாது."

"தொடாத டிரம் ஏன்டா இப்படி நீலம் பாஞ்சு கெடக்கு?"

இரும்பின் உள்பக்கம் முழுக்க, அடுப்பில் விட்டுவிட்ட வாணலியைப்போல நீலம் பூத்திருந்தது. பிரேக் ஷூ கருகிக் கண்ணாடியாக மின்னியது. ஸ்டாம்பர் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

"பேரிங் காஞ்சு சூடாகியிருக்கும்."

"உள்ள பாரு, கிரீஸ் போட்டபடி இருக்கு. மத்த மூணையும் கழட்டிக் காட்டறேன், எல்லாம் இதே கதையாத்தான் இருக்கும். நாலு பேரிங்கும் பேசி வச்சுக்கிட்டு ஒரே நாள்ல காயுமா? இந்த ஷூ நடீன் முந்தின நாள் போட்ட புது ஷூ. பழைய சூடுன்னும் நீ சொல்ல முடியாது. அந்த பிரேக் உச்சியிலேருந்து அடிவாரம் வரைக்கும் பிடிச்சிருக்கு. பிடிச்சுப் பிடிச்சு வெந்து, கடைசியிலதான் கைவிட்டிருக்கு. எவனோ கியரைக் கொறைக்காம, பிரேக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டே மலையை எறங்கியிருக்கான். அதுக்கு நடீன் கம்பி எண்ணணுமா?"

"ஹார்லன் சாரைச் சொல்றீங்களா? அவரு எத்தனை வருஷமா டிரெய்லர் ஓட்டறவரு தெரியுமா? ஜட்ஜ் கிட்ட நான் டேப்பைக் காட்டினா, சேறு வந்த கதையை அவரோட வக்கீலும் பத்து விதமாச் சொல்லுவான். டேப் சுத்தினவனைக் கொண்டு வாங்க மேடம், நான் ஜட்ஜ் கால்லயே விழறேன்."

"விழுந்துட்டு எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு ராபர்ட்டா காருக்கு நடந்தாள்.

டிரெய்லர் பார்க் வாசலில் நடீனின் வேன் நின்றது. கண்ணாடிகளை உடைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சிவப்பு பெயின்டில் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தது. போன வாரம் வரை குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் "நடீன் கண்ணு, கொஞ்சம் வந்து பாரேன்" என்று அவளைக் கூப்பிட்ட அதே ஜனங்கள்தான். ராபர்ட்டா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அடிபட்ட அன்னிக்கு ரோடு வேலைக்காரங்க மொத்தப் பேரும் டெஸ்ஸா கிட்ட ஓடிட்டாங்க. டிரெய்லர் பக்கம் இருந்தது புருஷனும் பொண்டாட்டியும் மட்டும்" என்றான் ஓட்டிஸ். "பெரியவர் ஹார்லன்தான். வேற யாரு?"

"வண்டி நின்னதும் டிரெய்லர்க்காரன் மொதல்ல என்ன செய்வான்னு சொன்ன?"

ஓட்டிஸ் தன் புறங்கையைப் பார்த்தான். மெதுவாக விசில் அடித்தான்.

ப்ரூவெட் தம்பதிக்கு, வழக்கு முடியும்வரை தங்கிக்கொள்ளப் பார்க்கில் ஒரு டிரெய்லரைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். உள்ளே மேசை நிறைய அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த உணவுத் தட்டுகள், மூடி போட்டு, பெயர் ஒட்டி. மேவிஸ் தடிக் கண்ணாடி போட்ட சின்ன உருவம். கால்கள் தரையில் முழுசாகப் படாமல் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எதுவும் சாதகமாப் பேச வந்துடாதீங்க" என்றாள் வந்ததும் வராததுமாக. "டெஸ்ஸாவோட அம்மா சர்ச்சுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. ஒரு ஒயரை ஒழுங்கா மாட்டத் தெரியாதவ எதுக்கு வேலைக்கு வரணும்? அவ நல்லா அனுபவிக்கட்டும்."

"மேவிஸ், வந்தவங்களுக்கு காபி குடும்மா" என்று உள் அறையிலிருந்து ஹார்லன் எழுந்து வந்தார். கூரை தலையில் இடிக்காமல் குனிந்து வந்தார். குனிந்தும் பனைமரம்.

ராபர்ட்டாவும் ஓட்டிஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டிஸ் தன் முழங்காலைத் தடவினான். அவன் எதையோ சொல்ல வாயெடுக்க, ராபர்ட்டா அவன் காலை மிதித்தாள்.

ஹார்லனின் வலது கையில் கட்டு.

"கையில என்ன சார்?" என்று கேட்டான் ஓட்டிஸ், பச்சைக் குழந்தை முகத்தோடு.

"வாணலி. முட்டை பொரிக்கறப்போ சுட்டுக்கிட்டேன்."

"பாவம். எங்க, காட்டுங்க. அட, உள்ளங்கை சுத்தமா இருக்கு. விரல்லயும் ஒண்ணும் இல்ல. கட்டுக்கு வெளிய கொப்புளம் தெரியுது, அதுவும் புறங்கையில மட்டும். வாணலியைப் புறங்கையால பிடிப்பீங்களா சார்? முட்டையை முழங்கையால திருப்புவீங்களா?"

"ஏங்க, நீங்க எப்போ முட்டை பொரிச்சீங்க?" என்றாள் மேவிஸ். "அடிபட்ட அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே உங்க கையில கட்டு இருந்துச்சே."

ஹார்லன் கையை இழுத்துக்கொண்டார். ராபர்ட்டா அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஓட்டிஸுக்கு அதுதான் பயம். அவள் கத்தினால் மழை, கத்தாவிட்டால் இடி.

"நான் சொல்றேன் சார். வண்டி வாய்க்கால்ல விழுந்துச்சு. நீங்க எறங்கினீங்க. ரோட்டுல ஒரு பொண்ணு கெடக்கா. ஆனா கை பழக்கத்துல வீலைத் தொட்டுப் பாத்துச்சு. தோல் உரிஞ்சு வந்துச்சு. பிரேக் நல்லா பிடிச்சுதுன்னு அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தப்பு டிரக்குக்குள்ள இருந்தவங்க மேலன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் அந்தப் பொண்ணைச் சுத்தி நிக்கறப்போ, நீங்க டூல்பாக்ஸைத் தெறந்து ஒயரை அறுத்து, முறுக்கி, டேப் சுத்தி, பிரிஞ்ச மாதிரி தொங்க விட்டீங்க. சேத்து மேலேயே சுத்தினீங்க. தொடைக்கக்கூட நேரம் இல்ல. ஒரு உயிர் போயிட்டிருக்கற நேரத்துல டேப் சுத்த ஒரு மனசு வேணும் சார். எனக்கு வராது."

"யாரு பாத்தா? சாட்சி இருக்கா?"

"டிரம் வெந்து கெடக்கு. உங்க கையும் வெந்து கெடக்கு. இதுக்கு மேல யாரு பாக்கணும்?"

மேவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் ஹார்லனைத் தேடின.

"ஏங்க... என்ன சொல்றாங்க இவங்க? ஒயர் பிஞ்சிருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீ உள்ள போ மேவிஸ்."

"பிரேக் பிடிச்சுதா?"

ஹார்லன் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மேவிஸம்மா" என்றாள் ராபர்ட்டா. இப்போது அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாத கோபம். "டிரக்கோட டிரைவர் சீட்டை ஸ்டியரிங்கை ஒட்டி முன்னாடி தள்ளியிருக்கு. ஓட்டிஸுக்கே கால் நுழையல. உங்க வீட்டுக்காரரு அதுல உக்காரணும்னா ரெண்டா மடிச்சுத்தான் வைக்கணும். அந்த சீட்டு யாரோட உயரத்துக்கு?"

சோபாவில் தரை தொடாத கால்கள். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். மேவிஸும் குனிந்து பார்த்தாள்.

"நான்தான் ஓட்டினேன்" என்றாள்.

"வாயை மூடு!" என்றார் ஹார்லன்.

"போன வருஷமே கண்ணு சரியில்லன்னு என் லைசென்ஸை வாங்கிட்டாங்க. உச்சியில இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போலாம்னேன். பார்க்குல ஆத்தங்கரை எடம் போயிடும், மொதல்ல வர்றவங்களுக்குத்தான் கொடுப்பாங்க, நீ ஓட்டுன்னாரு. எறங்க எறங்க வண்டி தள்ளுது. கியரை மாத்தட்டுமான்னு கேட்டேன். வேணாம், இன்ஜின் அலறும், நான் பாத்துக்கறேன்னு பக்கத்து சீட்டுலேருந்து கையை நீட்டி, டிரெய்லருக்குன்னு தனியா இருக்கற பிரேக் லீவரைப் பிடிச்சாரு. எறங்கி முடியற வரைக்கும் விடவே இல்ல. ஒரே தீஞ்ச வாடை. அது என்ன வாடைன்னு கேட்டேன். முன்னாடி போற லாரின்னாரு."



"ஆத்தங்கரை எடம்" என்றாள் ராபர்ட்டா. "தண்ணியைப் பாத்துக்கிட்டு நாற்காலி போட்டு உக்கார ஒரு எடம். அதுக்காக."

"எனக்கு என்ன ஆகும்னு நான் பயப்படல!" என்று ஹார்லன் கத்தினார். "இவ ஜெயிலுக்குப் போனா தாங்குவாளா? கண்ணு தெரியாதவ. நான் ஓட்டினேன்னு சொன்னேன், ஒயரை அறுத்தேன், எல்லாம் இவளுக்காகத்தான். அந்தப் பொண்ணு சின்ன வயசு. ஒண்ணு ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தா அவ வாழ்க்கையை மறுபடி ஆரம்பிச்சுக்குவா!"

"டெஸ்ஸாவும் சின்ன வயசுதான்" என்றாள் ராபர்ட்டா.

மேவிஸ் எழுந்து மேசைக்குப் போனாள். பெயர் ஒட்டிய தட்டுகளில் ஒன்றைத் தொட்டாள். தொட்டவள் ஒரே தள்ளாகத் தள்ளினாள். தட்டும் மூடியும் கிழங்கும் தரையெல்லாம் சிதறின.

"எனக்காகவா? ஊர் பூரா சோறு கொண்டுவந்து கொடுத்துச்சு, தின்னேன். அந்தப் பொண்ணோட அம்மா என் கையைப் பிடிச்சு அழுதா, நானும் கூட அழுதேன். நடீன் நாசமாப் போகணும்னு ஒவ்வொரு ராத்திரியும் வேண்டிக்கிட்டேன். நீ பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தே. ஒரு பொண்ணைக் கொன்ன பாவம் என் தலையில. இன்னொருத்தியை அடைச்ச பாவத்தையும் கொண்டுவந்து என் தலையிலயே வச்சுட்டு எனக்காகன்னு சொல்றியா?"

"மேவிஸ், உக்காரு. வக்கீலைக் கேட்டுட்டு..."

"நீ பேசாத. அந்த லீவரை அப்பவே விட்டிருந்தா நான் கியரையாவது மாத்தியிருப்பேன்." அவள் கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான் மாறிப்போயிருந்தது. "ஓட்டிஸ் தம்பி, என்னைக் கூட்டிட்டுப் போங்க. இவரை உங்க வண்டியில ஏத்தாதீங்க."

"அவருக்கு அப்புறம் வேற வண்டி வரும் அம்மா" என்றான் ஓட்டிஸ். "போலீஸ் வண்டி. நெறைய எடம் இருக்கும், கால் நீட்டி உக்காரலாம்."

ராபர்ட்டா ஹார்லனைத் திரும்பிப் பார்த்தாள். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் அடிபட்டு முடித்திருந்தார். நாற்காலியில் இரண்டாக மடிந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் சிதறிய கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெரிஃப் அலுவலகத்தில் ஸ்டாம்பர் கோர்ட்டுக்குக் கிளம்பத் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் பிடியில் நடீன். விலங்கு போட்டு, ஜெயில் சட்டையோடு, தூங்காத கண்களோடு நின்றாள். ராபர்ட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேவிஸ் தட்டுத் தடுமாறி உள்ளே வந்தாள்.

"வாங்கம்மா" என்றான் ஸ்டாம்பர் மரியாதையாக. "நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? நாங்க பாத்துக்கறோம். இவளுக்கு எவ்வளவு தண்டனை வாங்கிக் கொடுக்கணுமோ வாங்கிக் கொடுத்துடுவோம்."

நடீன் மேவிஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேவிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளருகே, மிக அருகே போனாள். அவ்வளவு அருகே போனால்தான் அவளுக்கு முகம் தெரியும்.

"உன் வேலையில ஒரு குத்தமும் இல்லம்மா" என்றாள். "பிரேக் பிடிச்சுது. நான்தான் ஓட்டினேன்." பிறகு ஸ்டாம்பர் பக்கம் இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள். "அவ கையில இருக்கறதைக் கழட்டுங்க. அது என்னுது."

ஸ்டாம்பர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வாரம் முழுக்க ராபர்ட்டாவுக்குள் ஏறிக்கொண்டே இருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் கடைசியில் அவன் மேல் போய் விழுந்தது.

"என்னய்யா வேடிக்கை பாக்கற? சாவியை எடு! அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடு! அவங்க நிக்க முடியாம நிக்கறது உனக்குத் தெரியலையா? உனக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?"

ஸ்டாம்பர் சாவிக்கு ஓடினான். நாற்காலியை நகர்த்திப் போட்டது விலங்கு போட்ட கையோடு நின்ற நடீன்.